பன்னிரண்டு நாள் விடுப்பு

புதுச்சேரி,
6 ஜனவரி 2025

என் அன்பு ஃபாபிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்து அறையில் அத்தை இருக்கும்போது உன்னை 'நீங்க, வாங்க' என்று பேசவேண்டியிருக்கிறது. உன் அம்மாவுக்கு அதுதான் மரியாதை. இங்கே 'நீ' என்று எழுதலாம்.

ஏலிஸ் நலம். என் வயிற்றில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்கிறாள். பிறகு அவளே குரலை மாற்றி, "நான்தான்" என்று பதில் சொல்லிக்கொள்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் அதிகம். இருந்தாலும் ஒவ்வொரு செக்கப்புக்கும் என்னோடு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வருகிறார்கள்.

நீ ஆபரேஷன் தேதி கேட்டாய். தேதி தருவதற்கு முன்னால் டாக்டர் சொன்னதைக் கேள். கவிநிலா என்று ஒரு டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார்.

"மொதல் தடவ ஏன் ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டார்.

"கொழந்த தலை திரும்பல டாக்டர். உக்காந்த மாதிரியே இருந்துச்சு."

"இந்தக் கொழந்த தலை கீழதான் இருக்கு. மூணு வருஷத்துக்கு மேலயும் ஆயிடுச்சி. நீங்க ஆசப்பட்டா நார்மலுக்குப் பாக்கலாம். ஆனா இருநூறு பேர்ல ஒருத்தருக்கு உள்ள பழைய தையல் விட்டுக்கும். அதனால வலி எடுத்தா வூட்ல உக்காந்திருக்கக் கூடாது, ஒடனே இங்க வந்துடணும்."

எனக்கு ஆசை இருக்கிறது, ஃபாபி. ரொம்ப நாளாக இருக்கிறது.

ஒரே ஒரு காகிதம் வேண்டுமாம். போன தடவை கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பது அந்த நர்சிங் ஹோம் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருக்கும். வெளித் தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதாம். எங்கள் விசாவுக்காக நீ போன மே மாதம் எடுத்துப்போன நீலக் கோப்பில் அது இருக்கிறது. நான்தான் வைத்தேன். தேடி, படம் எடுத்து அனுப்பு.

குளிரில் காதை மூடிக்கொள். 

உன்
அன்னா


துலூஸ் அருகே,
11 ஜனவரி 2025

அன்னா கண்ணு,

உன் எழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! 'ஃ' போடும்போது மூன்று புள்ளியையும் இன்னும் அதே அவசரத்தில் குத்துகிறாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு தமிழில் எழுதுவதற்கு எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று எங்கள் அதிகாரி கப்பித்தேனைப் பார்த்தேன். பெர்மிசியோன் விடுப்பு பன்னிரண்டு நாள்தான், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்கிறார். மார்ச் ஐந்தாம் தேதி எங்கள் பிரிவு பிரெஞ்சு கயானா போகிறது. அங்கே நான்கு மாதம் காட்டுக்குள் ரோந்து. இந்த மாதக் கடைசிக்குள் விடுப்புத் தேதியை எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது.

இப்போது நீயே யோசித்துப் பார். ஆபரேஷன் என்றால் இன்ன தேதி, இன்ன மணி என்று சொல்லிவிடுவார்கள். நான் வந்து வாசலில் நிற்பேன். வலிக்காகக் காத்திருந்தால் அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஏலிஸ் பிறந்தபோது கொரோனா, விமானமே இல்லை. நான் அவளை முதலில் தூக்கியபோது அவளுக்கு ஏழு மாதம். என்னைப் பார்த்துப் பயந்து வீறிட்டு அழுதாள். நான் சிரித்தேன் என்று நீ நினைத்தாய். குளியலறைக்குப் போய் அழுதேன். இந்தத் தடவை பிறந்த அன்றே தூக்க வேண்டும். அதை மட்டும் எனக்குக் கொடு.

நீலக் கோப்பைத் தேடினேன். அந்தக் காகிதம் அகப்படவில்லை. விசா மனுவோடு கொடுத்துவிட்டேனோ என்னவோ.

ஏலிசுக்கு முத்தம். அம்மாவைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்.

உன்
ஃபாபி


புதுச்சேரி,
23 ஜனவரி 2025

அன்புள்ள ஃபாபி,

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பழைய நர்சிங் ஹோமுக்குப் போனேன். மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பைக் விற்கிறார்கள். வாட்ச்மேனைக் கேட்டேன். "டாக்டரம்மா மகன் வூட்டுக்கு ஆஸ்திரேலியா போயிட்டாங்கம்மா. பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சி" என்றார்.

கவிநிலா டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உள்ள எப்படி வெட்டியிருக்காங்கன்னு தெரியாம நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், அன்னா. மன்னிச்சிக்கோங்க" என்றார். பிப்ரவரி 24, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஆபரேஷன். உனக்கு வேண்டிய தேதி கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிடு.

நான் ஏன் இவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. பிடிவாதம் என்று நினைத்திருப்பாய். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஏலிஸ் பிறந்த அன்று முதுகில் போட்ட ஊசி வேலை செய்யவில்லை. வெட்டுவது தெரிகிறது என்று நான் கத்தினேன். முகத்தில் மாஸ்க்கை வைத்து முழுசாக மயக்கிவிட்டார்கள். கையெழுத்து அத்தை போட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை. வயிறு காலியாக இருந்தது. குழந்தை இருக்கிறதா இல்லையா என்று யாரையாவது கூப்பிட்டுக் கேட்க நாக்கு புரளவில்லை. பக்கத்தில் என் போன் கிடந்தது. எடுத்தேன். அத்தை உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அதன் கீழே நீ, 'என் மகள் என்ன அழகு!' என்று எழுதியிருந்தாய். நான்கு மணி நேரத்துக்கு முன்னால்.

பிரான்சில் இருந்த நீ பார்த்தாய். அத்தை பார்த்தார்கள். உன் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அவளைச் சுமந்த நான் கடைசியில், போனில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு புண் சீழ் வைத்து, பதினோரு நாள் அவளை மடியில் வைக்க முடியாமல் கிடந்தது உனக்குத் தெரியும். அதெல்லாம் ஆறிவிட்டது. இது ஆறவில்லை. ஒரு தடவையாவது என் பிள்ளை வருவதை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

பரவாயில்லை. நீ வருவாய் அல்லவா, அது போதும்.

அன்னா


துலூஸ் அருகே,
25 ஜனவரி 2025

அன்னா,

இந்தக் கடிதத்தோடு இரண்டு படம் இருக்கிறது. முதல் படத்தில் இருப்பது உன் டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டாவது அதன் பின்பக்கம்.

அது தொலையவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே கோப்பைத் திறந்தேன், மேலாகவே இருந்தது. எடுத்து என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு உனக்கு 'அகப்படவில்லை' என்று எழுதினேன்.

ஏன் என்று சொல்கிறேன், மன்னிப்புக்காக இல்லை. ஏலிஸ் பிறந்த அன்று அம்மா லைனைத் துண்டிக்காமல் போனைப் பையில் போட்டுவிட்டார்கள். நாற்பது நிமிஷம் உன் குரலைக் கேட்டேன். பிறகு நீ ஒரு கத்து கத்தினாய், லைன் அறுந்தது. அதற்கு அப்புறம் படம் வரும்வரை நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணி வெடியைப் பிரித்துப் போடுகிற வேலை செய்கிறவன். அதில்கூட எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. நீ 'வலி' என்று எழுதியதைப் படித்ததும் வந்தது. இருநூறில் ஒருத்தி என்றால் அந்த ஒருத்தி நீயாகத்தான் இருப்பாய் என்று தோன்றியது. கூடவே, வந்து குழந்தையைத் தூக்க வேண்டும் என்ற ஆசை. பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ கண் விழித்தபோது யாரும் இல்லை என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய அந்த வரியை நீ அப்படிப் படித்தாய் என்று தெரியாது.

காகிதத்தை டாக்டரிடம் காட்டு.

ஃபாபிரிஸ்


துலூஸ் அருகே,
4 பிப்ரவரி 2025

அன்னா,

பத்து நாளாக நீ எழுதவில்லை. போன் செய்தால் ஏலிஸ்தான் எடுக்கிறாள். "அம்மா துணி மடிக்கிறாங்க" என்கிறாள். எவ்வளவு துணிதான் இருக்கிறது அந்த வீட்டில்?

நீ காகிதத்தோடு கோரிமேடு போய் வந்ததாக அம்மா சொன்னார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி 20 முதல் மார்ச் 3 வரை. கையெழுத்தும் ஆகிவிட்டது. 24-ஆம் தேதி ஆபரேஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன். நீ பேசாவிட்டாலும் வருவேன். துணி மடித்துத் தருகிறேன்.

ஃபாபி


புதுச்சேரி,
9 பிப்ரவரி 2025

ஃபாபி,

அந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது. என் வயிற்றைப் பற்றிய காகிதம் அது. உன் சட்டைக்கு அடியில் இருந்தது. இதை நினைத்தால் இன்னும் கை கால் எரிகிறது. வெயிலில் அந்த வாட்ச்மேன் முன்னால் நின்று கெஞ்சினேன், தெரியுமா?

அழகாக எழுதியிருக்கிறாய். முதலிலேயே "எனக்கு பயமா இருக்கு அன்னா" என்று சொல்லியிருந்தால் நானும், "எனக்கும்தான்" என்று சொல்லியிருப்பேன். எனக்கு பயம் இல்லை என்றா நினைத்தாய்?

டாக்டர் படித்தார். கீழே, குறுக்காக வெட்டியிருக்கிறார்கள், காத்திருக்கலாம் என்றார். 24-ஆம் தேதியை அடித்துவிட்டார். டியூ டேட் மார்ச் 2. அதற்கு மேல் ஒரு வாரம் வரை பார்ப்பார்களாம், அதுவும் வரவில்லை என்றால் ஆபரேஷன்.

வா. கோபம் போகவில்லை. ஆனாலும் வா. ஏலிஸ் காலண்டரில் தினமும் ஒரு கட்டத்துக்கு கலர் அடிக்கிறாள்.

அன்னா


புதுச்சேரி,
4 மார்ச் 2025

என் ஃபாபி,

இந்நேரம் பாரிசில் இறங்கியிருப்பாய். வீடு முழுக்க உன் ஷேவிங் சோப்பு வாசனை. ஏலிஸ் காலையில் எழுந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அப்பா ஒளிஞ்சிருக்காரு" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளே தேடி ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாளும் நாம் என்ன செய்தோம்? குருசுக்குப்பத்துக் கரையிலிருந்து கடற்கரைச் சாலை கடைசி வரை நடந்தோம். நடந்தால் வலி வரும் என்று அத்தை சொன்னார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா நம்மைத் தினமும் பார்த்து, "இன்னும் வரலியா?" என்று கேட்டார்கள். நீ ஒவ்வொரு நாளும் குற்றவாளி போல், "இல்லீங்க" என்றாய். முதல் நான்கு நாள் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் நீ என் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து உன் காலிலேயே கொட்டிக்கொண்டாய். அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, மறந்துவிடாமல் இருக்க. கவிநிலா டாக்டர் பரிசோதித்துவிட்டு, இன்னும் எந்த அறிகுறியும் இல்லை என்றார். நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தாங்கவில்லை.

"டாக்டர், நாளைக்கு ஆபரேஷன் பண்ண முடியுமா? இவரு திங்கக்கெழம போறாரு" என்றேன்.

"எமர்ஜென்சி டீம் இருக்கு, பண்ணலாம். உங்க முடிவுதான். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க" என்றார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம் டாக்டர். வலி வரட்டும். நான் போய்ட்டு வரேன்" என்றாய்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னிடம் பேசினால் அழுதிருப்பேன், அந்தக் கூட்டத்தில் எப்படி அழுவது? அதனால் உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததா?

இன்னும் வலி இல்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது. நாளை நீ கயானா விமானம் ஏறுவாய். காட்டில் சிக்னல் இருக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதுவேன்.

உன்
அன்னா


புதுச்சேரி,
14 மார்ச் 2025

என் அன்பு ஃபாபி,

உன் பட்டாளத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர் அல்பேர் வழியாக ரேடியோவில் உனக்குச் செய்தி வந்திருக்கும். முழுக்கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் தேதி, சாம்பல் புதன். மாதா கோயில் காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியபோது முதல் வலி வந்தது. அத்தையிடம் சொல்லாமல் இன்னும் இரண்டு வலி பார்த்தேன். சரியான வலிதான். நெற்றிச் சாம்பலோடு அப்படியே ஆட்டோ ஏறினோம்.

மதியம் வரை நன்றாகப் போயிற்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தேன், கத்தினேன். லட்சுமி என்று ஒரு நர்ஸ், "நல்லா கத்தும்மா, இங்க யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று முதுகைத் தேய்த்துவிட்டார்கள். மூன்று மணிக்கு, "பாதிக்கு மேல தாண்டிட்டீங்க" என்றார் டாக்டர். வலிக்கு நடுவில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் பைத்தியம் என்பாய்.

ஐந்தரை மணிக்கு வலி இல்லாத நேரத்திலும் தழும்புக்குப் பக்கத்தில் குத்த ஆரம்பித்தது. குழந்தையின் நாடித்துடிப்புக் கருவி சத்தம் மெதுவானது. கவிநிலா டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"அன்னா, துடிப்பு எறங்குது, திரும்ப சரியா ஏறல. பழைய தையல் தாங்குதான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம்னு நான் நெனைக்கிறேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

என்னைக் கேட்டார்கள், ஃபாபி. அந்த அவசரத்திலும் கேட்டார்கள்.

"பேப்பரக் குடுங்க" என்றேன். வலியில் கோணலாகத்தான் வந்தது, ஆனால் என் கையெழுத்து. ஒன்று மட்டும் கேட்டேன்: "என்ன முழுசா மயக்கிடாதீங்க." "ஊசி புடிக்குதான்னு பாத்துட்டுதான் கத்தியே எடுப்பேன்" என்றார்.

ஊசி பிடித்தது. நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். யாரோ வயிற்றுக்குள் கைவிட்டுப் பாத்திரம் கழுவுவது போல் இருந்தது. பிறகு அழுகைச் சத்தம். லட்சுமி நர்ஸ் துடைக்காமல்கூட அவனை என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். "பாரும்மா, பையன்." ஒரு கண்ணைத் திறந்திருந்தான். ஆறு மணி பத்து நிமிஷம். அந்நேரம் நீ கடலுக்கு மேல் எங்கேயோ பறந்துகொண்டிருந்தாய்.

மறுநாள் டாக்டர் சொன்னார், பழைய தழும்பு உள்ளே கண்ணாடித் தாள் போல் மெலிந்திருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். உன் பயம் வெறும் பயம் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஒரு வாரமாக அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை நீ, "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லியிருந்தால் முடிவு இதேதான், கத்தி இதேதான். ஆனால் நீ அவனைத் தூக்கியிருப்பாய். மூன்று நாளில் நீ அதை இழந்தாய், எனக்காக. நான் ஒன்பது மணி நேர வலியையும் என் கையெழுத்தையும் அவன் முகத்தையும் பெற்றேன். எனக்கு நிறைவாக இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. உனக்கு என்மேல் கோபம் வந்தால் மறைக்காமல் எழுது.

வீட்டுக்கு வந்தாயிற்று. நேற்று முன்தினம் மாசி மகம். வைத்திக்குப்பத்து மேளச் சத்தத்தில் அவன் தூங்கினான், ஏலிஸ்தான் தூங்கவில்லை. புண் சுத்தமாக ஆறிவருகிறது. அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிறப்புப் பதிவில் பெயர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். அத்தை ஒன்று சொல்கிறார்கள், ஏலிஸ் 'பூனை' என்று வைக்கச் சொல்கிறாள். நீ ஒரு பெயர் எழுது.

உன்
அன்னா


கயானா,
25 மார்ச் 2025

அன்னா கண்ணு,

ரேடியோவில் அல்பேர், "பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று தமிழில் சொன்னான். என்னோடு இருந்த எட்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தலைமை முகாமில் அல்பேர் அச்செடுத்து, சாமான் படகில் அனுப்பியிருக்கிறான். நீ அனுப்பிய படத்தையும் அச்செடுத்திருக்கிறான். அதில் கறுப்பாக ஒரு துணி மூட்டை மட்டும்தான் தெரிகிறது.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். கோபம் வந்தது. நேற்று ராத்திரி முழுக்க இருந்தது. உன்மேல் என்று சொல்ல முடியாது, மூன்று நாள்மேல். தொங்கு கட்டிலில் படுத்துக்கொண்டு, 'மூணே நாள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். 'என்னைக் கேட்டார்கள், ஃபாபி' என்ற இடத்தில் நிறுத்தினேன். ஏழு வருஷத்தில் உன் கடிதத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் படித்ததில்லை. அதைக் கெடுத்துவிட்டு அந்தப் பையனைத் தூக்கியிருந்தால் அவன் எனக்குக் கனத்திருப்பான்.

ஜூலையில் வருவேன். அதற்குள் அவன் குப்புற விழ ஆரம்பித்திருப்பான், என்னைப் பார்த்து அழுவான். அழட்டும். ஏலிசைப் பழக்கியவன் இவனைப் பழக்க மாட்டேனா?

பெயர் யோசித்துப் பார்த்தேன். நான்கு பெயர் எழுதி நான்கையும் அடித்தேன். முகத்தைப் பார்க்காமல் பெயர் வைக்க எனக்கு வரவில்லை. நீ பார்த்திருக்கிறாய். நீயே வை. அம்மா, சித்தப்பா, சாமியார் யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே.

சாமான் படகு திங்கட்கிழமைதோறும் வரும். பெயரை மட்டும் அதற்குள் அல்பேருக்கு அனுப்பிவிடு. இங்கே ஆற்றங்கரையில் யாரும் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உன்
ஃபாபி